குற்றமிலான் என்றொரு காகிதம்

மாணவன் ஒருவன் வகுப்பிலே கேட்ட கேள்விக்கு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, ஓடுகின்ற புகைவண்டியிலே ஆசிரியன் விடை கண்டான் என்றால் நகைப்புக்கு இடமாகும். அந்த நகைப்புக்கு உரியவன் நானே.

2003ஆம் ஆண்டு. யுத்த நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். கிளிநொச்சிக்கு அயலே ஒரு பாடசாலையில், தகரக் கூரையின் கீழ், சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நடத்திக்கொண்டிருந்தேன். ஆராயாது ஆணையிட்ட அரசனையும், இவன் தோற்றம் கள்வனுடையது அன்று எனத் தயங்கிய காவலனையும், களவு நூல் பேசி அந்தத் தயக்கத்தைக் கலைத்த பொற்கொல்லனையும், முன்பின் எண்ணாது வாளை ஓங்கிய அறிவிலியையும் பற்றி என்னால் இயன்ற உருக்கத்தோடு எடுத்துரைத்து நிறுத்தினேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சேர், மதுரையிலே அவனைத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

"இல்லைத் தம்பி, அவன் ஊருக்குப் புதியவன். ஊழ்வினை அப்படி" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டினேன். பழியை ஊழின்மேற் போட்டுவிட்டால் ஆசிரியத் தொழில் எளிதாகிவிடுகிறது.

அந்த மாணவன் 2016ஆம் ஆண்டிலே டோகா நகரிலிருந்து எனக்குத் தொலைபேசியிற் பேசினான். அப்போது அவனுக்கு வயது இருபத்தெட்டு. கட்டார் நாட்டிலே மூன்றாண்டுகளாக மேசன் வேலை. முந்திய ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்து மணம் முடித்திருந்தான். மணமகள் சிறு வயதிலேயே பெற்றோருடன் கனடாவிற் குடியேறியவள். அவள் தன் கணவனைத் தன்னிடம் அழைக்க விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய பத்திரங்களின் பட்டியலை அவன் வாசித்துக்கொண்டே வந்தான். விவாகச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வைத்திய அறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்த குரல், பொலிஸ் நற்சான்றிதழ் என்ற இடத்திலே தாழ்ந்தது. எம்மவர் வாயிலே அதற்குப் பெயர் 'பொலிஸ் ரிப்போட்'.

"இரண்டு நாட்டிலையும் எடுக்க வேணுமாம் சேர். இஞ்சை கட்டாரிலை ஒண்டு, அங்கை ஊரிலை ஒண்டு. இஞ்சத்தையான் பரவாயில்லை. அங்கத்தையானை நினைச்சாத்தான்..."

"நீ என்ன பிழை செய்தனி, பயப்பிட?"

"ஒண்டும் செய்யேல்லை சேர். ஆனா என்ரை பேர் எங்கையெங்கை எழுதிக் கிடக்குதெண்டு எனக்குத் தெரியாதே."

இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் சற்றே மனத்திலிருத்திக்கொள்வார்களாக. 2009ஆம் ஆண்டு வன்னியை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோருள் அவனும் ஒருவன். ஓமந்தையிலே வரிசையில் நின்று பெயர் பதிந்தவன். முகாமிலே பெயர் பதிந்தவன். முகாமிலிருந்து வெளியேறும்போதும் பெயர் பதிந்தவன். எந்தப் பதிவு எந்தப் புத்தகத்திற் போய்ச் சேர்ந்தது, எந்தப் பெயரோடு எந்தப் பெயர் கலந்தது என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? குற்றம் செய்தவன் தன் குற்றத்தை அறிவான். ஒன்றும் செய்யாதவனுக்கோ, தன்னைப்பற்றி ஏட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது இருட்டறைக்குள் இருக்கும் பொருளாகிறது.

இந்தச் சான்றிதழ் எத்தகையது என்பதை அறியாதார் நம்முள் அரியர் எனினும், முறையைச் சிறிது கூறுவது நலம். கனடா நாட்டிற் குடியேற விரும்புவோர், தமக்குப் பதினெட்டு வயது நிரம்பிய பின்னர், கடந்த பத்தாண்டுகளுள் தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ வதிந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் பெறவேண்டும். அவுஸ்திரேலியா பத்தாண்டுகளுள் மொத்தமாகப் பன்னிரண்டு மாதங்கள் வதிந்த நாடுகளைக் கணக்கிற் கொள்ளும். இலங்கையில் இதனை வழங்குவது பொலிஸ் திணைக்களம். விண்ணப்பகாரர் தம் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் என்பவற்றின் பிரதிகளோடு, தாம் இந்நாட்டில் வதிந்த முகவரிகளையும், எந்த முகவரியில் எந்தக் காலம்வரை வதிந்தார் என்பதையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். அந்தந்தப் பிரதேசத்துப் பொலிஸ் நிலையத்தின் அறிக்கை பெறப்படும். குற்றப் பதிவுகளும் ஒப்புநோக்கப்படும். இன்றோ இணையத்தினூடே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வாழ்பவர் கைப்பேசியை வைத்துக்கொண்டே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகிறார். அன்று அவன் வேண்டியது, தன் சார்பிலே ஒருவர் அதிகாரக் கடிதத்துடன் கொழும்புக்குப் போய்க் கொடுக்கவேண்டும் என்பதே. தந்தை இல்லாத பிள்ளை. தாய்க்குக் கொழும்பு தெரியாது. ஆதலால் அந்தப் பணி ஓய்வுபெற்ற வாத்தியார்மேல் வந்தது.

முதலிற் பெயரிலே சிக்கல் எழுந்தது. தமிழன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு கலை. எழுதுபவர்தோறும் வேறுபடும் கலை. தந்தை பெயரை முன்னே வைத்து மகன் பெயரைப் பின்னே வைக்கும் நம் வழக்கை, குடும்பப் பெயர் கேட்கும் மேலைத்தேயப் படிவங்கள் அறியமாட்டா. தகப்பனாரின் பெயரைச் சொல்லி மகனை அழைக்கின்றன. மகனும் வேறுவழியின்றி "ஓம், நான்தான்" என்கிறான். இவனுடைய பிறப்புப் பதிவிலே 'ழ'கரம் இருந்தது. அடையாள அட்டையில் அஃது ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் உருமாறியிருந்தது. கட்டார் நாட்டு அட்டையின் அரபு வரியில் இன்னுமொரு மாற்றம். அரபு நெடுங்கணக்கிலே பகர வல்லொலி இல்லையாதலால், அங்கே நம் பரமர்கள் எல்லாரும் மெல்லொலியிலே தொடங்கவேண்டியதுதான். இவ்வளவு பெயர்களுக்கும் உரியவன் ஒருவனே எனச் சத்தியக் கடதாசி முடித்தோம். தமிழ் இலக்கணத்திலே 'ழ'கரத்தின் பெருமையை வருடந்தோறும் பேசிவந்த எனக்கு, அந்த எழுத்தினாலே ஒரு பையனுக்கு இரண்டு வாரம் வீணானது நல்ல தண்டனை.

பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று தாயாரைக் கேட்டேன். அவர் உள்ளே போய்ப் பிளாஸ்திக் பை ஒன்றை எடுத்துவந்தார். அதற்குள் இன்னொரு பை; அதற்குள் வேறொரு பை. பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, கணவரின் மரணச் சான்றிதழ், மகனுடைய சாதாரணதரப் பெறுபேறு, காணி உறுதியின் பிரதி. இடம்பெயர்ந்த வழியிலே நகையை விற்றாராம், துவிச்சக்கரவண்டியைக் கைவிட்டாராம், நெல்லை விட்டாராம். இந்தப் பையை மாத்திரம் இடுப்பிற் சேலையோடு சேர்த்துக் கட்டியிருந்தாராம். மேலே இருந்த தாளின் ஓரங்களிலே உவர்நீர் ஊறிய மஞ்சட் கறை. "நந்திக்கடல் தண்ணி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்தது முகவரிகள். என்னை உறங்கவொட்டாமற் செய்தது இந்தப் பகுதியே.

படிவத்திலே முகவரிக்கு ஒரு நிரல், 'இருந்து' என்று ஒரு நிரல், 'வரை' என்று ஒரு நிரல். 2006 முதல் 2008 புரட்டாதி வரை சொந்த வீடு, எழுதினேன். 2010 முதல் 2013 வரை மீண்டும் அதே காணியிலே தற்காலிகக் கொட்டில், பின்பு வீட்டுத் திட்டத்து வீடு, எழுதினேன். இடையிலே உள்ளதை என் செய்வது? வட்ஸ்அப்பிலே அவனைக் கேட்டேன். அவன் வெள்ளிக்கிழமை ஓய்வுநாளில், பலர் படுக்கும் அறையொன்றின் கட்டிலிலிருந்து, சொல்லச் சொல்ல நான் ஒரு கொப்பியிலே குறித்தேன்.

தருமபுரம், இருபது நாள் இருக்கலாம். விசுவமடு, ஒரு மாதத்துக்குக் கிட்ட. உடையார்கட்டு. சுதந்திரபுரம், அங்கே எத்தனை நாள் என்பது நினைவில்லை. இரணைப்பாலை. புதுமாத்தளன். வலைஞர்மடம். முள்ளிவாய்க்கால்.

"வீட்டிலக்கம் ஏதும்..." என்று தொடங்கியவன் என் மடமையை உணர்ந்து நிறுத்திக்கொண்டேன்.

"தறப்பாள் சேர்" என்றான் அவன். "தறப்பாளும் பங்கரும். நம்பர் ஒண்டும் இல்லை." சிறிது நேரம் கழித்துத் தானாகவே சொன்னான்: "சுதந்திரபுரத்திலை எத்தினை நாளெண்டு அம்மாவைக் கேக்காதேங்கோ."

நான் கேட்கவில்லை. அவனுடைய தந்தையாரின் மரணச் சான்றிதழில் எந்த ஊர் எழுதப்பட்டிருந்தது என்பதை நான் அன்று பகலிலேயே கண்டிருந்தேன்.

அதற்குப் பின்பு வந்தது முகாம். செட்டிகுளம் மெனிக் பாம். அதற்காவது முகவரி உண்டு. அந்த முகாமின் வலயங்களுக்குப் பெரியோர் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தமை பலருக்கு நினைவிருக்கும்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். இவன் வதிந்தது ஆனந்த குமாரசுவாமி வலயத்திலே. கீழைத்தேயக் கலையின் பெருமையை உலகுக்கு உணர்த்திய, 1877இல் கொழும்பிற் பிறந்து 1947இல் அமெரிக்காவில் மறைந்த அப்பேரறிஞரின் பெயர், ஓர் இளைஞனுடைய வாழ்விலே முள்வேலிக்குள் இருந்த ஒரு கூடாரத்தின் முகவரியாக நுழைந்தது. அவன் அவருடைய பெயரை முதன்முதலாகக் கேட்டதும் அங்கேதானாம். அவர் என்ன செய்தவர் என்று என்னை அப்போது கேட்டான். எட்டாயிரம் ரூபாய் சம்பளத்தில் நான் ஆசிரியத் தொழிலைத் தொடங்கியிருந்தாலும், அந்தக் கேள்விக்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருந்தவன் நான்தான். பதினொராம் வகுப்பு வரை அவனுக்குத் தமிழ் கற்பித்தவன் அந்தப் பெயரைச் சொல்ல மறந்துவிட்டான்.

இரவுத் தபால் வண்டியிலே கிளிநொச்சியிலிருந்து ஏறினேன். பல்லாண்டுகளாகத் தண்டவாளமே இல்லாதிருந்த அந்தப் பாதையில் 2013இலே வண்டி மீண்டும் வந்தது. விளக்கின் கீழே படிக்கலாம் என்று பழைய சிலப்பதிகாரப் புத்தகத்தைப் பையிலே வைத்திருந்தேன். படிவத்தையும் அதற்குள்ளேயே மடியாமற் செருகியிருந்தேன். வவுனியா தாண்டிய பின்பு அடைக்கலக் காதையைத் திறந்தேன். அங்கேதான் அந்த விடை இருந்தது.

மதுரைப் புறஞ்சேரியிலே கோவலனைக் கண்டு பேசுகிறான் மாடலன் என்னும் மறையவன். குமரியில் நீராடி மீள்பவன். கோவலனைச் சிறுபராயம் முதல் அறிந்தவன்போல, அவன் யானையின் கையிலிருந்து முதியவரைக் காத்தது, கணவன் கைவிட்ட பார்ப்பனியின் துயர் துடைத்தது, பூதத்தின் பாசத்தில் அகப்பட்டவனுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்தது ஆகிய நற்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். இதனினும் சிறந்த நற்சான்றிதழ் உண்டோ? கவுந்தியடிகளும் தம் பங்குக்குச் சாட்சி சொல்லித்தான் மாதரியிடம் அவர்களை அடைக்கலமாகக் கொடுக்கிறார். ஆகவே மதுரையிலே கோவலனைத் தெரிந்தவர் இருந்தனர். ஒருவரல்லர், இருவர். நகரத்து மதிலுக்கு வெளியே, கூப்பிடு தொலைவிலே இருந்தனர். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

பதினைந்து வயதுப் பையனுக்கு நான் பிழையான விடையைச் சொல்லியிருக்கிறேன். அதுவும் பரீட்சைக்குரிய பாடப்பகுதிக்கு முந்திய காதையை ஊன்றிப் படிக்காத குறையினாலே! காப்பியப் புலவர் அந்தச் சான்றுரையைக் கொலைக்கு முந்திய காதையிலே வேண்டுமென்றே வைத்தார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. நற்சாட்சி இல்லாமையால் அவன் இறக்கவில்லை. இருந்த நற்சாட்சியை வரவழைக்க அரசனுக்குப் பொறுமை இல்லாமையால் இறந்தான்.

அந்த அளவிலே நோக்கினால், கேட்டு எழுதி அறிக்கை வரவழைத்துப் பார்க்கும் இக்காலத்து முறை பாண்டியன் முறையிலும் மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதியவன் ஒருவனை ஏற்கும் நாடு அவனைப்பற்றி விசாரிப்பதைத் தவறென்று நான் கூறேன். நம் வீட்டிலே வாடகைக்கு இருத்தும்போது நாம் விசாரியாமலா விடுகிறோம்? ஆயினும் இந்த விசாரணை எப்போதும் ஒரு திசையிலேயே பாய்கிறது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 1871ஆம் ஆண்டிலே இந்நாட்டில் வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. வேலைக்காரன் தன் நடத்தை குறித்த சிறு புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என விதித்தது. மலையகத் தோட்டங்களிலே 'துண்டு' என்று ஒரு கடதாசி வழங்கிற்று. தொழிலாளி பட்ட கடனை எழுதி, அந்தக் கடனைக் கொடுப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்று கூறும் கடதாசி. துண்டு இல்லாதவனுக்கு மறு தோட்டத்தில் வேலை இல்லை. 1921ஆம் ஆண்டிலேதான் அந்த முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. வேலை செய்ய வருபவனுக்குப் புத்தகமும் துண்டும் இருந்தன. வேலை கொடுப்பவரின் நடத்தைக்குப் புத்தகம் எங்கே? இவனுக்கு முதலில் வேலை கொடுத்த கம்பனி மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கம்பனியிடம் எவரும் நற்சான்றிதழ் கேட்டதாக நான் அறியேன்.

கொழும்பிலே, வரிசையிலே, மூன்று மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களுள் சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத்தவர் எல்லாரும் இருந்தனர். கொரியாவுக்குப் போகும் பையன், இத்தாலியிலிருக்கும் மகளுக்காக வந்த தாய், சிங்கப்பூரிலிருக்கும் தம்பிக்காக வந்த அண்ணன். எல்லோர் கையிலும் பிளாஸ்திக் உறை. எல்லோர் முகத்திலும் பரீட்சை எழுத வந்தவர்களின் கலக்கம். என் முறை வந்தது. நடுவயது உத்தியோகத்தர் ஒருவர் படிவத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்து ஓரிடத்திலே விரலை நிறுத்தினார். 2008 புரட்டாதிக்கும் 2009 சித்திரைக்கும் இடையே நான் வெறுமையாக விட்டிருந்த இடம்.

"மேக்க?" என்றார். இது என்ன?

எட்டு ஊர்களின் பெயர்களும் கொப்பியில் இருந்தன. கொப்பி பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டவேண்டுமா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்திலே, "இடம்பெயர்ந்திருந்தார்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்பு பேனாவை என்னிடம் நீட்டினார். நானே அந்தச் சொல்லை அந்த வெற்றிடத்தில் எழுதினேன். ஒரே ஒரு சொல். அவர் முத்திரை குத்தி, பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்து, அடுத்தவரை அழைத்தார். அவருடைய பார்வைக்கு நான் பல பொருள் கற்பித்துப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை அவர் பசியோடு இருந்திருக்கலாம், நண்பகல் தாண்டிவிட்டிருந்தது.

இரண்டு வாரத்தின்பின் ஒரு காலைப்பொழுதிலே தாயார் என்னை அழைத்தார். குரல் நடுங்கிற்று. வாசலிலே பொலிஸ்காரர் நிற்கிறார். நான் துவிச்சக்கரவண்டியை மிதித்துக்கொண்டு போய்ச் சேருமுன்பே அவர் வந்த வேலையை முடித்துப் போய்விட்டார். இன்னார் இங்கே வதிந்தவரா, எத்தனை காலம், இப்போது எங்கே என்று தமக்குத் தெரிந்த அரைத் தமிழிலே கேட்டுக் குறித்துக்கொண்டாராம். மரியாதையாகத்தான் பேசினாராம். கதிரை போட்டபோது இருக்கவில்லையாம். அவ்வளவே நடந்தது. எனினும் அந்த அம்மா இரண்டு இரவு உறங்கவில்லை. பையை மறுபடியும் இடுப்பிலே கட்டிக்கொண்டு படுத்தார் என்று அயல்வீட்டுப் பெண் எனக்குச் சொன்னாள்.

இதற்கிடையே டோகாவிலே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அங்கே விரல் ரேகை பதிக்கவேண்டும். அலுவலகம் திறந்திருக்கும் நாட்களிலே அவனுக்கு ஓய்வில்லை. அவனுக்கு ஓய்வான வெள்ளிக்கிழமை அலுவலகம் இல்லை. ஒரு நாட் சம்பளத்தை இழந்து போனான். கண்ணாடியிலே விரலை வைத்தால் ரேகை விழவில்லை. சீமெந்தும் சுண்ணாம்பும் தின்ற விரல்கள். மேசன்மாருக்கும் கல்லுடைப்போருக்கும் ரேகை தேய்ந்து போவது உலகெங்கும் கண்ட செய்தி. தோலுக்குச் சில நாள் ஓய்வு கொடுத்தால் மீண்டும் அரும்பும். ஓய்வு கொடுக்கத்தான் அவனால் இயலாதே! இரண்டாம் முறையும் ஒரு நாட் சம்பளம் போயிற்று. பின்பு மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு வாரம் சாந்து தொடாத வேலைக்கு மாறி, இரவிலே தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு மூன்றாம் முறை போனான்.

ரேகையின் கதை நம்மவர்க்கு அந்நியமானதன்று. 1858ஆம் ஆண்டிலே வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹேர்ஷெல் என்னும் ஆங்கில அதிகாரி, வீதிக்குச் சரளைக்கல் கொடுக்கும் ஒப்பந்தத்திலே இராஜ்யதர் கோனாய் என்பவருடைய உள்ளங்கையை மையிலே தோய்த்துப் பதித்தார். ஒப்பமிட்டவர் பின்பு மறுக்காதிருக்க ஓர் அச்சுறுத்தல், அவ்வளவுதான் நோக்கம். 1897இலே கல்கத்தாவில் ரேகைக்கெனப் பணியகம் அமைந்தது. அங்கே அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இருவர் உழைத்து உருவாக்கிய வகுப்புமுறைக்கு அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயர் நிலைத்தது. 1901இலே அது இலண்டனுக்குப் போயிற்று. தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வாலில் ஆசியர்கள் ரேகை பதித்துப் பத்திரம் பெறவேண்டும் என்று 1906இலே விதித்தபோது காந்தியடிகள் எதிர்த்ததும், 1908 ஆவணியிலே ஜோகன்னஸ்பேர்க் நகரில் அந்தப் பத்திரங்களைக் கொளுத்தியதும், தம்பி நாயுடு முதலான தமிழர்கள் அவரோடு சிறை புகுந்ததும் வரலாறு. அன்று அவர்கள் மானத்தின் பொருட்டு விரலைக் கொடுக்க மறுத்தார்கள். இன்று இவன் மனைவியிடம் போய்ச் சேரும்பொருட்டு விரல் பதியவில்லையே என்று ஏங்கி நிற்கிறான். எந்த நிலை உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு நான் விடை வைத்திருக்கவில்லை. தேங்காயெண்ணெய் பூசியவனுடைய ஏக்கத்தை இழிவென்று கூற மாத்திரம் நான் ஒருப்படேன்.

மூன்றாம் முறை விரல் பதிந்தது. ஆனால் குற்றமின்மைக்கும் ஆயுள் உண்டு. விண்ணப்பகாரர் இப்போது வாழும் நாட்டிலே பெறும் சான்றிதழ், விண்ணப்பம் செய்வதற்கு ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்தில் வழங்கப்பட்டதாயிருக்க வேண்டும். அது பழசாகுமுன்னே ஊர்ச் சான்றிதழ் வந்துசேர வேண்டுமே என்ற கவலை எங்களைப் பிடித்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் அழைப்பான். "வந்ததோ சேர்?" என்று கேட்பதில்லை. "மழை பெய்யுதோ சேர்?" என்று கேட்பான். பெய்தது, பெய்யவில்லை என்று நான் சொல்வேன். இருவருக்கும் பொருள் விளங்கும்.

ஏழு வாரம் கழித்து வந்தது. ஒரு தாள். முத்திரை, கையொப்பம், ஆங்கிலத்திலே சில வரிகள். இன்னாருக்கு எதிராகப் பாதகமான பதிவு எதுவும் இல்லை என்பது அதன் சாரம். அவன் நல்லவன் என்று அது கூறவில்லை. வெள்ளத்திலே அயல்வீட்டுக் கிழவியைத் தோளிலே தூக்கி வந்தவன் என்றோ, முதற் சம்பளத்திலே பாடசாலை நூலகத்துக்குப் புத்தக அலுமாரி வாங்கித் தந்தவன் என்றோ கூறவில்லை. அதனைக் கூற அரசாங்கத்துக்கு நிரல் கிடையாது, மாடலனுக்குத்தான் உண்டு. ஆயினும் அந்த 'இல்லை' என்ற ஒரு சொல்லை வாசித்துக் காட்டியபோது, மறுமுனையிலே நீண்ட நேரம் ஓசை எழவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"சேர், பேர் சரியாத்தான் இருக்குதோ? எழுத்து எழுத்தாப் பாருங்கோ."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"அப்ப ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லைத் தம்பி."

"திருப்பி ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். அதன் பின்புதான், வகுப்பிலே அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடை பிழை என்பதையும், மாடலனைப்பற்றியும் அவனுக்குச் சொன்னேன். அந்தக் கேள்வியை அவன் மறந்துவிட்டிருந்தான். சிரித்தான்.

2018ஆம் ஆண்டு தொடக்கத்திலே அவன் கனடா போய்ச் சேர்ந்தான். பனியில் மேசன் வேலை ஆண்டில் சில மாதந்தான். பிள்ளைகள் படிக்கும் பாடசாலையொன்றிலே பராமரிப்பு வேலை கிடைக்கும்போல இருக்கிறது என்று அண்மையிலே அழைத்தான். சிறுவர்கள் உள்ள இடமாதலால் பொலிஸ் சோதனை வேண்டுமாம். கூடவே, பழைய முகவரிகளையும் எழுதித்தரும்படி கேட்கிறார்களாம்.

"சேர், அந்தக் கொப்பி வைச்சிருக்கிறியளோ? ஊர்களின்ரை ஒழுங்கு எனக்கு மாறிப்போச்சு. உடையார்கட்டு முதலோ, விசுவமடு முதலோ?"

கொப்பி அலுமாரியிலே பத்திரமாக இருந்தது. விசுவமடுதான் முதல் என்று பார்த்துச் சொன்னேன்.